ஜெஃப் மில்ஸின் லிக்விட் ரூம் சிடி: மூன்று டர்ன்டேபிள், இரண்டு கை, ஒரு மணி நேரம்

இந்த சிடியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய சிடி, ஆன்லைனில் யாரிடமோ வாங்கியது, டப்பாவின் மூலை உடைந்து ரப்பர் பேண்ட் போட்டு வந்தது. அதெல்லாம் பரவாயில்லை. போட்டுக் கேட்டால் நடுவில் ஓரிடத்தில் தாளம் தடுக்குகிறது. தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும் குதிரைக்குக் கால் இடறினால் எப்படியிருக்கும், அப்படி. ஒரு நொடி, இரண்டு நொடி, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓட்டம். கீறல்தான் என்று முடிவு கட்டி, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன், அண்ணன் வீட்டு டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே இடத்தில் அதே இடறல். விற்றவருக்குக் காட்டமாக ஒரு செய்தி தட்டச்சு செய்துவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று இணையத்தில் வேறொருவர் ஏற்றியிருந்த பதிவைத் தேடிக் கேட்டேன். அதிலும் அங்கேயே இடறியது.

கீறல் இல்லை. டெட்ராய்ட் டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸின் கை அது. 1995 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் லிக்விட் ரூம் என்ற அரங்கில், ஓடிக்கொண்டிருந்த இரண்டு இசைத்தட்டுகளின் கிக், அதாவது 'டும்' என்று விழும் கனத்த டிரம் அடி, ஒன்றோடொன்று உரசியபோது எழுந்த சத்தம். அதை வெட்டி எறியாமல் அப்படியே சிடியில் போட்டு 1996-இல் விற்றிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ரியாக்ட் என்ற லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்), ஜப்பானில் சோனி. தட்டச்சு செய்த செய்தியை அழித்தேன்.

டெக்னோ என்றால் மெஷின் இசை, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இந்தச் சிடியை முதலில் கொடுப்பேன். நானும் அப்படி நினைத்தவன்தான். பெரிய மேடை, பின்னால் ராட்சதத் திரை, முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்த நிகழ்ச்சி, டிஜே என்பவர் அதற்கு நடுவில் ஒரு பொம்மை. இப்போது நடப்பதில் பாதி அப்படித்தான், பொய் சொல்வானேன். ஆனால் இந்த ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் 30-க்கும் மேற்பட்ட டிராக்குகள் வந்து போகின்றன. கணக்குப் போட்டால் ஒன்றுக்குச் சராசரி இரண்டு நிமிடம்கூடத் தேறாது. டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, மூன்று. ஒன்றில் ஓடுவது நம் காதில் விழுகிறது, இரண்டாவது உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது, மூன்றாவதில் அடுத்த தட்டை வைத்து ஹெட்போனில் பீட் பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இந்தச் சுற்று. தண்ணீர் குடிக்க நேரம் இருந்திருக்குமா என்றே சந்தேகம்.

சரி, என்ன வேலை இது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் சிடியின் சுவையே அதில்தான் இருக்கிறது. வைனல் தட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் பதிவானவை. இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டுமென்றால் டர்ன்டேபிளின் ஓரத்தில் இருக்கும் பிட்ச் ஸ்லைடரை மேலே கீழே தள்ளி வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். டெக்னிக்ஸ் 1200 மாதிரி வண்டிகளில் அது கூட்டவோ குறைக்கவோ 8 சதவீதம்வரை போகும். சமப்படுத்தினாலும் அப்படியே நிற்காது, மெல்ல நழுவும். நழுவுகிற பக்கத்துத் தட்டின் விளிம்பை விரலால் லேசாகத் தேய்த்துப் பின்னுக்கு இழுக்கவோ, நடுவில் காகிதம் ஒட்டிய பக்கம் தொட்டு முன்னே தள்ளவோ வேண்டும். இதை இரண்டு தட்டில் செய்வதற்கே மாதக்கணக்கில் பழக வேண்டும். மூன்று தட்டில், இரண்டு நிமிட இடைவெளியில், ஆயிரம் பேர் குதித்துக்கொண்டிருக்கும் அறையில் என்றால், எங்காவது இடறாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். புதுத் தட்டு நுழையும்போது முதலில் ஹை-ஹாட் (ஜோடிச் சிம்பல்) மட்டும் சில்லென்று தலையைக் காட்டும், பேஸ் முழுக்க அடைக்கப்பட்டிருக்கும். பழைய தட்டின் கிக்கும் புதிய தட்டின் கிக்கும் ஒரு இழை தள்ளி விழும்போது 'டும்' என்பது 'டுடும்' ஆகிறது. அடுத்த அடியில் அந்த இடைவெளி சுருங்குகிறது, அதற்கடுத்ததில் ஒட்டிக்கொள்கிறது. விரல் தட்டைத் தொட்ட கணம் அது. விரலைப் பார்க்க முடியாது, ஆனால் காதுக்குத் தெரிகிறது. உடனே பழைய தட்டின் பேஸைப் பிடுங்கிவிடுகிறார், அறையே ஒரு கணம் அந்தரத்தில் தொங்குகிறது, அப்புறம் புதிதின் பேஸ் இறங்குகிறது. கூட்டம் கத்துவதும் பதிவாகியிருக்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து கணினியில் ஒட்டிய மிக்ஸ் சிடிகள் என்னிடம் நிறைய இருக்கின்றன, ஒன்றில்கூட இந்த 'டுடும்' கிடையாது. சுத்தமாக இருக்கின்றன, இரண்டாம் முறை எடுத்துக் கேட்கத் தோன்றுவதில்லை.

இந்த வேகம் அவருக்கு டோக்கியோவில் வந்ததில்லை. மில்ஸ் 1963-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பிறந்தவர். 80-களில் அந்த ஊர் வானொலியில் தி விஸார்ட் என்ற பட்டப்பெயரில் மிக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார், முதலில் டபிள்யூ.டி.ஆர்.க்யூ., அப்புறம் டபிள்யூ.ஜே.எல்.பி. வானொலியில் கொடுத்த நேரம் கொஞ்சம், அதற்குள் ஹிப் ஹாப், எலக்ட்ரோ, ஐரோப்பியச் சரக்கு எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். ஒரு பாட்டின் நல்ல பகுதி எட்டு பார்தான் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) என்றால் அந்த எட்டு பாரை மட்டும் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவு. லிக்விட் ரூமில் கேட்பது அதே வானொலிக்காரரின் அவசரம்தான், சரக்கு மட்டும் மாறியிருக்கிறது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைனல் கட் என்ற குழுவில் கொஞ்ச காலம். பிறகு மைக் பேங்க்ஸுடன் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ், ராபர்ட் ஹூட்டும் கூட இருந்தார். முகத்தைக் காட்டாமல், பெரிய கம்பெனிகளை அண்டவிடாமல், கார்த் தொழிற்சாலைகள் மூடி வெறிச்சோடிய ஊரிலிருந்து படை திரட்டுவது போலத் தட்டு வெளியிட்டவர்கள். 1991-இல் பெர்லினில் ட்ரெஸர் என்ற கிளப் தன் லேபிளைத் தொடங்கியபோது அதன் முதல் தட்டு இவர்களுடையது, எக்ஸ்-101 என்ற பெயரில். அந்த ட்ரெஸர், இடிந்துபோன ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பெட்டகக் கிடங்கு. சுவர் இடிந்த ஒரு நகரமும் சம்பளம் போன ஒரு நகரமும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டது அங்கேதான். மில்ஸ் அதற்குப் பிறகு குழுவைவிட்டு விலகி நியூயார்க் போனார், லைம்லைட் கிளப்பில் வாசித்தார், 1992-இல் ஆக்ஸிஸ் என்று சொந்த லேபிள் தொடங்கினார். இன்றுவரை அதுதான் அவர் வீடு.

ஆக்ஸிஸ் தட்டுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1994-இல் வந்த சைக்கிள் 30. அதன் ஒரு பக்கத்தில் எட்டு பூட்டிய வரிகள் இருக்கின்றன. சாதாரணத் தட்டில் ஊசி சுருள் வழியே உள்நோக்கிப் போகும். பூட்டிய வரி என்றால் ஊசி ஒரே வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், நாமே தூக்கினால்தான் உண்டு. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்த 1.8 நொடிக்குள் நான்கு பீட் வைத்தால் நிமிடத்துக்கு 133 பீட் வருகிறது, அதாவது நடனத் தளத்துக்குக் கச்சிதமான வேகம். தட்டு சுற்றும் இயற்பியலே டெக்னோவுக்கென்று அளவெடுத்தது போல! டெட்ராய்ட்டில் ரான் மர்ஃபி என்று தட்டு வெட்டும் நிபுணர் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை, இந்த மாதிரி விபரீத ஆசைகளுக்கெல்லாம் வரி வெட்டிக் கொடுத்தவர் அவர். கணினியில் லூப் என்பது ஒரு க்ளிக். இங்கே அது தட்டிலேயே கீறிய வட்டம். மூன்று டர்ன்டேபிள் வைத்திருப்பவருக்கு அதன் பயன் உடனே புரியும், ஒன்றில் அந்த வட்டத்தைச் சுற்றவிட்டால் மற்ற இரண்டில் இஷ்டத்துக்கு விளையாடலாம்.

சிடிக்கு வருகிறேன். என்னென்ன வருகிறது என்றால், நிறைய அவருடைய சொந்தச் சரக்கு. கூடவே சிகாகோவின் டிஜே ஃபங்க், பர்மிங்காமின் சர்ஜன் ஆகியோரின் தட்டுகள். டெரிக் மேயின் ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃபும் வருகிறது, அது 1987-இல் டெட்ராய்ட்டிலிருந்து வந்த டிராக், இந்த இசையின் சுப்ரபாதம் என்றே சொல்லலாம். இரும்படிக்கும் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பியானோ வந்து விழும்போது கூட்டம் என்ன ஆகிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் தி பெல்ஸ். அந்த இரவில் அது கடைக்கு வராத டிராக், பின்னாளில்தான் பர்பஸ் மேக்கர் என்ற அவருடைய இன்னொரு லேபிளில் வெளியாகி உலகத்திலுள்ள டெக்னோ டிஜேக்கள் எல்லாருடைய பையிலும் ஏறியது. இன்று அந்த மணிச் சத்தம் தொடங்கிய இரண்டாம் நொடியில் கூட்டம் கைபேசியைத் தூக்கிவிடும். இந்தச் சிடியில் அப்படி இல்லை. யாருக்கும் தெரியாத ஒரு தட்டாக அது உள்ளே நுழைகிறது. எனக்குச் சிடியில் மிகப் பிடித்த இடம் அது.

குறை இல்லாமல் இல்லை. பதிவின் தரம் கரடுமுரடு. உயர்ந்த ஒலி எல்லாம் கொஞ்சம் கூர்மையாகக் காதைக் குத்துகிறது, மலிவான இயர்போனில் தலைவலி உத்தரவாதம். நல்ல ஸ்பீக்கரில், பேஸைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பதே உத்தமம். முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க எல்லா நாளும் முடியாது, சாயங்காலம் அலுவலகத்திலிருந்து சோர்ந்து வந்து இதைப் போட்டால் இன்னும் சோர்ந்துதான் போவீர்கள். பாத்திரம் கழுவ நல்ல துணை. சமையலுக்கு வேண்டாம், வெங்காயம் நறுக்கும்போது கை தானாக வேகமெடுக்கிறது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பெரிய குறை ஒன்று, அது சிடியுடையது இல்லை, நம்முடையது. மனிதர் இத்தனை வேகமாக மாற்றுவதால் பிடித்த டிராக் எது என்று கண்டுபிடித்து மனதில் நிறுத்துவதற்குள் அது போய்விடுகிறது. பின்னட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன், மூன்றாவது முறைக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன். தனித்தனிப் பாட்டாகக் கேட்க வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர்களுக்கு வேவ்ஃபார்ம் டிரான்ஸ்மிஷன் முதல் பாகம் இருக்கிறது, 1992, ட்ரெஸர் லேபிள், அதையும் இதமான தட்டு என்று சொல்ல மாட்டேன்.

மில்ஸின் மற்ற தட்டுகளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக, முழுக்க என் கருத்து. இந்தச் சிடிக்குப் பிறகு அவர் விண்வெளிக்குப் போய்விட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே கோள்கள், நட்சத்திரங்கள், எதிர்காலம் என்றே தட்டுமேல் தட்டாக வெளியிடுகிறார். 2013-இல் ஜப்பானிய விண்வெளி வீரர் மாமோரு மோரியுடன் சேர்ந்து ஒன்று செய்தார். 1927-இல் வந்த மெட்ரோபோலிஸ் என்ற மௌனப் படத்துக்கு 2000-இல் புது இசை போட்டார். 2005-இல் தெற்கு பிரான்ஸில், ரோமானியர் கட்டிய பழைய நீர்வழிப் பாலமான போன் து கார் அருகில், மோன்பெலியே தேசிய ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து வாசித்தார், அது மறு ஆண்டு ப்ளூ பொட்டென்ஷியல் என்று வெளியானது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வயலின்காரர்கள் அத்தனை பேர் தி பெல்ஸ் வாசிக்கும்போது எனக்கென்னவோ கல்யாண வீட்டில் பெரியவர்கள் முன் கை கட்டி நிற்கும் பையனைப் பார்ப்பது போல இருந்தது. மரியாதை எல்லாம் சரி, அவனுடைய குறும்பு எங்கே? பிரெஞ்சு அரசு கலைக்கான பட்டமெல்லாம் கொடுத்து கௌரவித்திருக்கிறது, தகும். விண்வெளித் தட்டுகள் சில எனக்குப் பிடிக்கும், பல தூக்கம் வரவழைக்கும். ஒரே பாணியை மறுபடி மறுபடி விற்றுக் காசு பார்க்காமல் இப்படித் தன் போக்கில் போவது எனக்குப் பெரிய விஷயம். அதற்காக எல்லாவற்றையும் வாங்க முடியாது இல்லையா.

ஒன்றை மட்டும் தவறவிட வேண்டாம். 2018-இல் ப்ளூ நோட் லேபிளில் வந்த டுமாரோ கம்ஸ் தி ஹார்வெஸ்ட். நைஜீரியாவின் டோனி ஆலன், அந்நாட்டு இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் குழுவுக்கு முதுகெலும்பாக இருந்த டிரம்மர், அவரோடு மில்ஸ் ரோலண்ட் டிஆர்-909 வாசிக்கிறார். வாசிக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். 909 என்பது 1983-இல் வந்த டிரம் மெஷின், கிக்கும் ஸ்னேரும் மின்சுற்றில் பிறக்கும், சிம்பலும் ஹை-ஹாட்டும் மட்டும் பதிவு செய்து வைத்த ஒலி. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லையே என்று அந்தக் காலத்தில் சீந்துவாரில்லாமல் போய், ஏறக்குறைய 10,000 பெட்டியோடு ரோலண்ட் நிறுத்திக்கொண்டது. பழைய சாமான் கடைக்குப் போன அந்தப் பெட்டியைத்தான் சிகாகோ, டெட்ராய்ட் பையன்கள் பொறுக்கியெடுத்தார்கள். மற்றவர்கள் அதில் தாளத்தை எழுதி ஓடவிடுவார்கள். மில்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தான்களைத் தட்டித் தட்டித் தாளத்தை மாற்றுகிறார், பெட்டியைப் பார்க்காமலே. அவர் வாசிக்கும் வீடியோக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, பாருங்கள். பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஆலன் 2020-இல் இறந்துவிட்டார். மில்ஸ் அதே பெயரில் குழுவைத் தொடர்ந்தார், ஜான்-ஃபி டாரி கீபோர்டில், ஆலனின் இடத்தில் பிரபு எடுவார் என்ற தபலாக்காரர். 2023-இல் எவல்யூஷன் என்று ஒரு தட்டு வந்தது. 909-க்கும் தபலாவுக்கும் ஒத்துவருமா என்று முகம் சுளித்தபடிதான் கேட்க ஆரம்பித்தேன். ஒத்துவருகிறது. இரண்டுமே விரலால் வாசிப்பவை.

லிக்விட் ரூம் அரங்கே இப்போது அந்த இடத்தில் இல்லை, 2004-இல் எபிசு பகுதிக்கு மாறிவிட்டது. இந்தச் சிடியும் எனக்குக் கிடைத்தது பழைய பிரதிதான், அதன் விலை விற்பவரின் மனநிலையைப் பொறுத்தது. ஜப்பான் பதிப்பின் தலைப்பில் மிக்ஸ்-அப் வால்யூம் 2 என்று இருக்கும், வேறு சிடி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டும் ஒன்றே. டப்பா உடைந்திருந்தால் பேரம் பேசுங்கள்.

ஐந்துக்கு நாலரை. அரை மார்க்கைக் குறைத்தது காது குத்தும் அந்த ஹை-ஹாட்டுக்காக. இடறுகிற இடம் இன்றுவரை எனக்குப் பழகவில்லை. அது வரப்போகிறது என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் கை தானாக பிளேயரின் பொத்தானை நோக்கிப் போகிறது. அதற்குள் அவர் சரிசெய்துவிடுகிறார்.